தோட்ட முதலாளியின் ஒப்பாரியும் ஏஜெண்டின் கணக்கும்

கூலியை உயர்த்து என்று கேட்டவுடனே ஏலத்தோட்ட முதலாளிகளுக்கு ஏஜெண்டின் ஞாபகம் வந்துவிடுகிறது. "காய் விற்ற பணம் என் கைக்கு வரவில்லை. ஏஜெண்டு அட்வான்சில் பிடித்துக்கொண்டார். நான் எங்கே போவேன்?" என்று கையை விரிக்கிறார்கள். தேனியிலிருந்து கம்பம் வழியாகப் போகும் சாலையில் வீரபாண்டி தொடங்கிக் கூடலூர் வரை இந்த ஒப்பாரியைக் கேட்காத தொழிலாளி இல்லை. விடியுமுன் ஜீப்புகளில் அடைபட்டு, போடிமெட்டிலும் கம்பமெட்டிலும் குமுளியிலும் மலையேறி, இருட்டிய பிறகு வீடு திரும்பும் பெண்களுக்கு இது மனப்பாடம்.

இதை வெறும் பொய் என்று நாம் தள்ளிவிடவில்லை. ஏஜெண்டின் பிடியில் சிக்கித் தவிக்கும் சிறு தோட்டக்காரர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். ஆனால் ஒப்பாரி வேறு, கணக்கு வேறு. நாம் கணக்கைப் பார்க்க விரும்புகிறோம்.

சட்டம் கொடுத்த பங்கு

ஏலக்காய் வியாபாரம் கேட்பாரற்ற வியாபாரம் அல்ல. 1965ல் ஏலக்காய்ச் சட்டம் வந்தது. 1966ல் ஏலக்காய் வாரியம் அமைந்தது. 1987ல் அது புதிதாக அமைந்த நறுமணப் பொருள் வாரியத்தில் இணைந்தது. அதே ஆண்டு வந்த விதிகளின்படி, லைசென்சு இல்லாமல் யாரும் ஏலக்காயை ஏலம் விட முடியாது. 2007 முதல் கம்ப்யூட்டர் திரையில் ஏலம் நடக்கிறது. போடிநாயக்கனூரும், மலைக்கு மேலே இடுக்கி மாவட்டத்துப் புற்றடியும் அதற்கான மையங்கள்.

ஏலம் விடும் நிறுவனத்துக்கு இந்த விதிகள் கொடுத்த கமிஷன் எவ்வளவு? நூற்றுக்கு ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாயில் தோட்ட முதலாளி அழிந்துபோவதில்லை. அப்படியானால் அவர் அழுவது எதற்காக? விதியில் எழுதாத இன்னொரு கணக்குக்காக. அதன் பெயர் அட்வான்ஸ்.

தூண்டிலில் மாட்டிய மீன்

காய் எடுப்பு ஆடி, ஆவணியில் தொடங்கித் தை, மாசி வரை நீளும். அதற்கு முன்பே உரம் வாங்க வேண்டும், மருந்தடிக்க வேண்டும், களையெடுக்க வேண்டும், கூலி கொடுக்க வேண்டும். கையில் காசில்லாத தோட்டக்காரர் பாங்கிக்குப் போகிறார். அங்கே பட்டாவைக் கேட்கிறார்கள். ஏலமலையில் பட்டாத் தகராறு தீராத பழைய நோய். வெறுங்கையோடு திரும்புகிறவரைப் பணத்தோடு வரவேற்கிறார் ஏஜெண்டு. நிபந்தனை ஒன்றே ஒன்று: "காய் எனக்கே வரவேண்டும்."

ஐந்து லட்ச ரூபாய் அட்வான்ஸ், இரண்டு வட்டி, பத்து மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம். வட்டி மட்டும் ஒரு லட்சம். ஐந்து லட்ச ரூபாய்க்குக் காய் விற்றால் விதிப்படியான கமிஷன் ஐயாயிரம். அதாவது வெளிச்சத்தில் வாங்குவதைப் போல இருபது மடங்கு இருட்டில் போகிறது! எல்லா நிறுவனமும் இப்படித்தான் என்று நாம் சொல்லவில்லை. முன்பணத்தைக் கொடுத்து மகசூலைக் கட்டிப்போடும் முறையைத்தான் சொல்கிறோம். கடன்பட்டவர் மாதிரிக்கு எடுத்த காயின் எடையைக் கேட்க முடியுமா? வேறு ஏலத்தில் நல்ல விலை போகிறது என்று சரக்கை அங்கே கொண்டுபோக முடியுமா? வாயும் அடைபட்டது, வழியும் அடைபட்டது. செடியிலிருந்து பறித்த ஏலம் கூடத்தில் ஏலத்துக்கு வருவதற்கு வெகு முன்பே, தோட்டக்காரரின் சுதந்திரம் ஏலம் போய்விட்டது.

விலை விழுந்தால் கடன் வளரும்

2018ல் கேரளத்தில் பெருவெள்ளம், அடுத்து வறட்சி. மகசூல் குறைந்தது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7000 ரூபாயைத் தொட்டது. மலை முழுதும் தங்கம் விளைந்ததாகக் கொண்டாடினார்கள். இரண்டே ஆண்டில், 2021ல், சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே விழுந்தது.

நாம் சொன்ன அட்வான்ஸ் கடனை இப்போது காயில் எடைபோட்டுப் பாருங்கள். அசலும் வட்டியும் ஆறு லட்சம். கிலோ 5000 விற்றால் 120 கிலோவில் கடன் தீரும். கிலோ 1000 விற்றால் 600 கிலோ வேண்டும். ஒரு கிலோ உலர்ந்த காய்க்குச் சுமார் ஐந்து கிலோ பச்சைக் காய் வேண்டும். அதாவது 3000 கிலோ பச்சைக் காயைக் குனிந்து குனிந்து பறித்தால்தான் அதே கடன் அடையும். ரூபாயில் அந்தக் கடன் ஒரு பைசாவும் கூடவில்லை. பெண்களின் முதுகெலும்பில் ஐந்து மடங்கு கூடிவிட்டது.

இலங்கையில் நடந்தது

இது புதிய கதையும் அல்ல. இலங்கையின் காபித் தோட்டத் துரைமார்களும் கொழும்பு ஏஜென்சி கம்பெனிகளிடம் மகசூலைக் காட்டி முன்பணம் வாங்கியவர்கள்தான். 1869ல் காபி இலையில் துரு நோய் கண்டது. தோட்டங்கள் அழிந்தன. கடன் மட்டும் அழியவில்லை. 1884ல், காபித் தோட்டங்களின் மேல் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் பாங்கியே கதவைச் சாத்தியது.

துரைக்கு ஏஜென்சியிடம் கடன். கங்காணிக்குத் துரையிடம் கடன். தொழிலாளிக்குக் கங்காணியிடம் கடன். மேலேயிருந்து கீழே இறங்கிய சங்கிலியின் கடைசிக் கண்ணி தமிழ்த் தொழிலாளியின் காலில் மாட்டியது. அவன் கடனை எழுதிய "துண்டு" இல்லாமல் அவன் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்தத் துண்டு 1921ல்தான் ஒழிந்தது. நம் நாட்டில் கம்பெனிகளை ஆட்டிப்படைத்த மானேஜிங் ஏஜென்சி முறை 1970 ஏப்ரல் 3ல்தான் ஒழிந்தது. ஏலமலையில் அட்வான்ஸ் சங்கிலி இன்னும் அறுபடவில்லை.

இரண்டு தோட்டக்காரர்கள்

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தோட்டக்காரர் என்ற ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். இரண்டு ஏக்கரில் குடும்பத்தோடு உழைத்து, ஏஜெண்டின் கணக்குச் சீட்டை வாங்கும்போது கை நடுங்குகிறவர் ஒருவர். நூற்றுக்கணக்கான ஏக்கரை வைத்துக்கொண்டு, விலை ஏறும் வரை சரக்கை ஸ்டோரில் பூட்டிவைக்க வசதியுள்ளவர் இன்னொருவர். வியாபாரிகள் ஏலத்தில் வாங்கிய காயையே மறுபடியும் ஏலத்தில் கொட்டி விலையை இறக்குகிறார்கள் என்று விவசாயிகள் பல காலமாகக் குமுறுகிறார்கள். அதில் அடிபடுகிறவர் முதலாமவர். இரண்டாமவரோ முதலாமவரின் கண்ணீரைக் கடன் வாங்கி, கூலிப் பேச்சு நடக்கும் மேஜையில் தன் கண்ணீராக வடிக்கிறார்!

அவரை நாம் கேட்கிறோம்: கிலோ 7000 விற்ற நாளில் கூலியை ஏழு மடங்காக்கினீரா? இரண்டு மடங்காவது ஆக்கினீரா? லாபம் வந்த நாளில் தொழிலாளியைப் பங்காளியாகச் சேர்க்காத நீர், நஷ்டம் வந்த நாளில் மட்டும் அவளைப் பங்குக்கு அழைப்பது எந்த ஊர் நியாயம்? உமக்கும் ஏஜெண்டுக்கும் உள்ள பற்றுவரவில் அவள் கையெழுத்துப் போட்டாளா? அட்வான்சை அவள் கண்ணால் பார்த்தாளா?

நாம் கேட்பது

ஏஜெண்டு கொடுக்கும் முன்பணம் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்பது எழுத்தில் இருக்கவேண்டும். ஒரு பிரதி தோட்டக்காரர் கையில் இருக்கவேண்டும். கடன் வாங்கியவரும் விரும்பிய ஏலத்தில் காயை விற்கும் உரிமை வேண்டும். மாதிரிக்கு எடுத்த காய்க்கும் கணக்கு வேண்டும். ஸ்டோரில் உலர்த்திவைத்த சரக்கின் பேரில் சிறு தோட்டக்காரருக்குக் கூட்டுறவு பாங்கிகள் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காய் விற்ற பணத்தில் முதல் பாத்தியதை கூலிக்கே. ஏஜெண்டின் வட்டிக்கு அல்ல.

சிறு தோட்டக்கார நண்பர்களே! உங்கள் கழுத்தைப் பிடித்திருப்பது கூலி கேட்கும் பெண்ணின் கை அல்ல. அவள் கூலியில் பத்து ரூபாய் குறைத்து நீங்கள் ஏஜெண்டிடமிருந்து மீண்டதாகச் சரித்திரம் இல்லை. அவளோடு சேர்ந்து நின்று கணக்கைக் கேளுங்கள். அதைவிட உங்களுக்கு வேறு வழியில்லை.

பெரிய முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த கூலிப் பேச்சுக்கு வரும்போது கண்ணீரை வீட்டில் வைத்துவிட்டு, ஏஜெண்டின் கணக்குச் சீட்டைக் கையில் எடுத்து வாருங்கள். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குப் பிள்ளைக்கு ஒரு துணி எடுக்கக் கணக்குப் பார்க்கும் தாய்க்கு, உங்கள் சீட்டையும் படிக்கத் தெரியும்.