கடலோர யன்னலும் கடைக்காரரின் நாணயமும்

மன்னார்த் தீவில் இப்போது யன்னல் மாற்றும் காலம். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட எமது மக்கள், 2009இல் யுத்தம் முடிந்தபின் திரும்பி வந்தபோது பல வீடுகளில் கதவுமில்லை, நிலையுமில்லை. கையிலிருந்த காசுக்குக் கிடைத்ததைப் பூட்டிக் குடியேறினார்கள். அன்று பூட்டியவை இன்று உக்கத் தொடங்கிவிட்டன.

"மரமா, அலுமினியமா, பீ.வீ.சீ.யா?" என்பதே கடைக்கு வருபவரின் முதற் கேள்வி. வாடையும் சோளகமும் மாறிமாறி உப்பை அள்ளி வீசும் கீரி போன்ற கரைக்கு இந்தக் கேள்வி மட்டும் போதாது.

மரத்துக்கு உப்பு பெரிய பகையல்ல. கறையானும் ஈரமுமே பகை. நன்கு காய்ந்த முதிரையோ தேக்கோ ஒரு தலைமுறைக்கு நிற்கும். காயாத மரம் மாரியில் இறுகும், கோடையில் விலகும். அலுமினியம் இரும்பைப்போல் துருப்பிடிக்காது என்றாலும், உப்பு அதையும் புள்ளி புள்ளியாக அரிக்கும். அதைக் காப்பது மேற்பூச்சுத்தான். அனோடைஸ் பூச்சு என்றால் கரையோரத்துக்கு 25 மைக்ரோன் தடிப்பு வேண்டும். 10 மைக்ரோன் இங்கே தாங்காது. பீ.வீ.சீ. உப்புக்கும் கறையானுக்கும் அஞ்சாது. ஆனால் மலிவான ரகம் வெயிலில் மஞ்சளித்து வெடிக்கும்.

எதை வாங்கினாலும் முதலில் கெடுவது திருகாணியும் பிணைச்சலும். அலுமினியத்தில் சாதாரண இரும்பு ஆணியை முடுக்கினால், உப்பு ஈரத்தில் இரண்டு உலோகமும் சேர்ந்து சட்டமே அரிபடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் 304, 316 என இரு தரங்கள் உண்டு. கடற்கரைக்கு உகந்தது 316. கண்ணால் பார்த்தோ காந்தம் வைத்தோ இவற்றைப் பிரித்தறிய முடியாது.

வியாபார சகோதரர்களே, விடயம் இங்குதான் இருக்கிறது. பூச்சின் தடிப்பும் ஆணியின் தரமும் எமக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. 2022இல் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபின், மலிவான சரக்கை நல்லதென்று தள்ளிவிடும் ஆசை சந்தையில் கூடியிருக்கிறது. மேலே காய்ந்த தானியத்தைப் பரப்பி அடியில் நனைந்ததை வைத்திருந்த வியாபாரியிடம், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதை நாம் அறிவோம். இன்று எமது கடைகளில் அடியில் இருக்கும் தானியம் இந்த மைக்ரோனும் ஆணியும்தான்.

மலிவானதை விற்பது குற்றமல்ல, மலிவானதென்று சொல்லி விற்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்பவருக்குப் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆகவேண்டும். கேட்காதவருக்கும் கொடுப்போம். அதில் தொகையோடு மரத்தின் இனம், பூச்சின் தடிப்பு, ஆணியின் தரம் மூன்றையும் எழுதுவோம். விலை கூடினாலும் அந்தத் துண்டை நம்பி அடுத்த வீட்டுக்காரரும் எம்மிடமே வருவார், இன்ஷா அல்லாஹ்.