சீகை மரம் கூழாகத்தான் போக வேண்டுமா?

நீலகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

நீலகிரியில் வீடு கட்டுவதென்றால் முதல் வேலை மலையை வெட்டுவதுதான். சரிவில் சமதளம் எடுத்து, மண்ணைக் கீழே தள்ளி, மேல்பக்கம் தடுப்புச் சுவர் எழுப்பினால்தான் கான்கிரீட் வீட்டுக்கு இடம் கிடைக்கிறது. மழைநீர் இறங்கும் தடம் அதோடு அடைபடுகிறது. சுவருக்குப் பின்னால் ஊறும் நீர் ஒருநாள் சுவரையும் தள்ளிக்கொண்டு வருகிறது. 2009 நவம்பரில் இங்கே நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் மாண்டதற்குக் கட்டடங்களே முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன்; பெய்த மழை அப்படி. ஆனால் சரிவை வெட்டாமல் தூண்கள்மேல் நிற்கும் மரவீடு நம் திட்டங்களில் பேச்சுக்குக்கூட வருவதில்லை. மரவீட்டால் சரிவின்மேல் ஏறும் பாரமும் குறையும்: ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஏறக்குறைய இரண்டரை டன். உலர்ந்த சீகை (வாட்டில்) முக்கால் டன் அளவுதான்.

மரத்துக்கு எங்கே போவது? அந்நியத் தாவரங்களை அகற்ற அரசு 2022இல் கொள்கையே வகுத்திருக்கிறது. புல்வெளிகளை மூடிய சீகையும், 1843 முதல் இங்கே நடப்பட்ட கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) எப்படியும் வெட்டப்படப் போகின்றன. அன்று சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குப் போனவை இன்றும் பெரும்பாலும் கூழுக்கும் விறகுக்கும்தான் போகின்றன. கூழானால் மரம் பிடித்துவைத்த கரிமம் சீக்கிரமே காற்றுக்குத் திரும்பும். உத்தரமானால் வீடு நிற்கும்வரை அங்கேயே இருக்கும்.

கற்பூர மரம் முறுக்கிக்கொள்ளும், பிளக்கும் என்பார் தச்சர், உண்மைதான். பச்சையிலேயே அறுத்து, இடையிடையே சட்டம் வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றி, நிழலில் மாதக்கணக்கில் உலர்த்தியாக வேண்டும். கரையானுக்குப் போராக்ஸ் கலவை போதும். ஆனால் மழை அதைக் கழுவிவிடும் என்பதால் வெளித்தூண்களுக்குச் செம்பு கலந்த மருந்து தேவை. தீப்பிடிக்காதா என்பார்கள். கனத்த உத்தரம் நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே கரியும். மெல்லிய பலகைதான் ஆபத்து. இவற்றைவிட வலுவான ஆட்சேபம் ஒன்றுண்டு: விலை கிடைத்தால் சீகையைப் புதிதாக வளர்ப்பார்கள், சோலை மரத்திலும் கைவைப்பார்கள். அதனால் வனத்துறை அகற்றும் இடத்து மரம் மட்டும், முத்திரை குத்தி, ஒரே கிடங்கிலிருந்து வெளியே வரட்டும்.

முதலில் ஓர் அங்கன்வாடியை இப்படிக் கட்டிப் பாருங்கள். தூணின் அடி மண்ணில் படாமல் ஒன்றரை அடி உயரக் கான்கிரீட் திண்டில், இரும்புக் காலணிக்குள் நிற்கட்டும். கூரை இறவாணம் நன்றாக வெளியே நீளட்டும். இரண்டு வடகிழக்குப் பருவமழை கழிந்தபின் பொறியாளர் ஒருவர் தூணடியைக் கத்திமுனையால் குத்திப் பார்க்கட்டும். கத்தி உள்ளே இறங்கினால் இந்த மடலைக் கிழித்துப் போடலாம்.