ஐசியூ வாசலில் பேச வேண்டியவர்கள்

ஒருவர் மூளைச்சாவு அடைந்துவிட்டார் என்று உறுதிசெய்ய, நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும். அந்த நேரம் முழுக்க ஐசியூ வாசலில் ஒரு குடும்பம் காத்திருக்கிறது. காலையில் பைக் எடுத்துக்கொண்டு போன பிள்ளை உள்ளே கிடக்கிறான். மானிட்டரில் துடிப்பு தெரிகிறது, மார்பு ஏறி இறங்குகிறது. அவன் இறந்துவிட்டான் என்பதை அவர்களுக்குப் புரியவைத்து, அதற்கும் பிறகு உறுப்பு தானம் பற்றி ஒருவர் கேட்டாக வேண்டும்.

மருத்துவரோடு சேர்ந்து அந்தப் பேச்சை நடத்துபவர் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர். உறுப்பு மாற்றுச் சட்டத்துக்கு 2011இல் வந்த திருத்தம் அவரைக் கட்டாயமாக்கியது. மருத்துவரோ செவிலியரோ ஏதேனும் ஒரு பட்டதாரியோ இந்த வேலைக்கு வரலாம் என்கின்றன 2014 விதிகள். பட்டதாரியென்றால் சமூகப்பணி, சமூகவியல் போன்ற துறைகளில் முதுகலை முடித்தவருக்கு முன்னுரிமை. "சோசியாலஜி படிச்சு என்ன பண்ணப்போற?" என்று கேட்கும் வீடுகளுக்கு இது தெரிய வேண்டும்.

சம்மதம் தர வேண்டியவர் யார் என்று சட்டம் சொல்லிவிடுகிறது. வாசலில் நிலைமை வேறு. சத்தமாகப் பேசுவது பெரியப்பாவாக இருக்கும். சட்டப்படி முடிவெடுக்க வேண்டிய மனைவி சுவரோரம் உட்கார்ந்திருப்பாள், அவளிடம் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். இறுதிச் சடங்கு தள்ளிப்போகுமா, போலீஸ் கேஸ் என்பதால் போஸ்ட்மார்ட்டமும் உண்டா, உடம்பை எந்த நிலையில் தருவார்கள் என்ற கேள்விகள் ஒவ்வொன்றாக வரும். குடும்பத்துக்குள் அதிகாரம் யார் கையில் இருக்கிறது, ஒரு சமூகத்தில் சாவுச் சடங்கு எவ்வளவு கனமானது என்பதெல்லாம் தெரிந்தவர்தான் இங்கே பேச முடியும். முடியாது என்று குடும்பம் சொல்லிவிட்டால் அதை மதிக்க வேண்டியவரும் அவரே. கனிவு மட்டும் இதற்குப் போதாது. படிப்பும் பயிற்சியும் வேண்டும்.

அந்தப் பயிற்சிக்கு இங்கே நீண்ட வரலாறு உண்டு. நாட்டின் முதல் சமூகப்பணிப் பள்ளி 1936இல் பம்பாயில் தொடங்கியது. அதுவே இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கினார். எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் படிப்பின் உயிர் களப்பணி. மாணவர் பாடம் நடக்கும் வாரங்களிலேயே குறிப்பிட்ட நாட்களில் மருத்துவமனைக்கோ குடிசைப் பகுதிக்கோ குழந்தைகள் இல்லத்துக்கோ போகிறார். கண்டதையும் செய்ததையும் அறிக்கையாக எழுதுகிறார். ஆசிரியர் அவரைத் தனியே உட்காரவைத்து அதை வரிவரியாக விசாரிக்கிறார்: அந்த அம்மா அழுதபோது ஏன் பேச்சை மாற்றினாய்? இந்தக் கேள்வி எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடைக்காது. களப்பணியைக் கையெழுத்து வாங்கும் சடங்காக்கும் கல்லூரி, நாளை ஐசியூ வாசலில் நிற்கப்போகும் குடும்பத்துக்குத்தான் கெடுதல் செய்கிறது.

படித்து வெளியே வருபவர்களில் பலர் ஹெச்.ஆர். வேலைக்குப் போகிறார்கள். 1948 தொழிற்சாலைகள் சட்டம் 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளில் நல அதிகாரி வேண்டும் என்றது. அந்த வழி அப்போதே திறந்துவிட்டது. அவர்களைக் குறை சொல்ல நியாயமில்லை. கவுன்சலர் வேலைகள் பலவும் ஒப்பந்தத்திலும் தொகுப்பூதியத்திலும் கிடக்கும்போது, கல்விக் கடன் வாங்கியவர் வேறு எங்கே போவார்?

மனநலத் துறையில் சிக்கல் இன்னும் கூர்மையானது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் இறந்த பிறகு, மனநோயாளியின் வீட்டுக்கே போய்ப் பேசும் ஆட்கள் தேவை என்பதை யாரும் மறுக்க முடியாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல சமூகப் பணியாளர் என்றால் எம்.எஸ்.டபிள்யூவுக்கு மேல் மனநல சமூகப்பணியில் இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில். முடித்தவர் என்று வரையறுத்தது. ஐந்தே ஆண்டில், 2022இல், பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது. பிறகு இந்த எம்.ஃபிலுக்கும் மருத்துவ உளவியல் எம்.ஃபிலுக்கும் மட்டும், ஏற்கெனவே நடத்திவரும் நிறுவனங்களுக்கு, 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு நீட்டிக்கப்பட்டது. ஒரு கை கேட்கும் தகுதியை இன்னொரு கை அழிக்கிறது.

எம்.ஃபில். இடத்தில் எந்தப் படிப்பு நிலையாக வரும் என்பதைச் சட்டத் திருத்தத்தோடு ஒன்றிய அரசு சொல்ல வேண்டும். ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சமூகப் பணியாளர்களுக்குப் போதுமான நிரந்தரப் பணியிடங்களையும், புதிதாக வருபவரை வழிநடத்த மூத்தவர் ஒருவரையும் தமிழக அரசு தர வேண்டும்.