அந்த மனுவில் என் கையெழுத்தும் இருக்கிறது

கொஞ்சம் நீளமான பதிவு. காபி எடுத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. ஏ.டி.எம். வாசலில் ஒருவர் தலை வரைக்கும் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார். "கார்ப்பரேஷன் என்ன செய்கிறது? இவர்களை எப்போது அப்புறப்படுத்துவார்கள்?" என்று கீழே எழுதியிருந்தது. பதினோரு பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். படத்தைப் போட்டவன் நல்ல பிள்ளை, அவனைத் திட்ட இதை எழுதவில்லை. "அப்புறப்படுத்து" என்கிற அந்தச் சொல் இருந்த ஒரு மனுவில் நான்கு வருடத்துக்கு முன்னால் நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பழைய அரசுக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. அதை வீடற்றோர் காப்பகமாக மாற்றப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. உடனே தெருவே கூடியது. குடிகாரர்கள் வருவார்கள், திருட்டு நடக்கும், வீட்டு விலை இறங்கும் என்றார்கள். மனு வீடு வீடாக வந்தது. "டீச்சரம்மா, நீங்க முதல்ல போடுங்க, மத்தவங்க தானா போடுவாங்க" என்றார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. போட்டேன். திட்டம் நின்றுபோனது. மீன்பாடி வண்டி ஓட்டும் ஒரு பெரியவர் அந்தக் கட்டடத்துப் படியில்தான் ராத்திரி படுப்பார். காலையில் படியைக் கூட்டிவிட்டுப் போவார். அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் முதல் அவரைக் காணோம். எங்கே போனார் என்று தெருவில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. பாரிமுனைப் பக்கம் நான் வேலை பார்த்த பள்ளியில் பிளாட்பாரத்துப் பிள்ளைகள் வருடத்துக்கு நாலைந்து பேராவது இருப்பார்கள். ஒரு பெண் தினமும் ஏழு மணிக்கே வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். படிப்பு ஆர்வம் என்று மற்ற பிள்ளைகளிடம் அவளை உதாரணம் காட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்காகத்தான் வருகிறாள் என்பது ஆயா சொல்லித்தான் தெரிந்தது. அவள் அம்மாவும் பாட்டியும் ராத்திரி முறை வைத்து விழித்திருப்பார்கள், பெண்பிள்ளை தூங்குகிறாளே என்று. பதிவேட்டில் முகவரிக் கட்டத்தில், எதிரே இருந்த கடையின் பெயரை எழுதினேன். வேறு எதை எழுதுவது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் எங்களை அனுப்பினார்கள். பிப்ரவரி 28 ராத்திரி, வீடில்லாதவர்களை எண்ண வேண்டும். டார்ச் அடித்து எழுப்பிப் பெயர் கேட்டோம். "இருபது வருஷமா இதே இடந்தாம்மா" என்று பலர் சொன்னார்கள். நாடு முழுக்க அன்று எண்ணியது சுமார் 17.7 லட்சம் பேர். அதில் சில பத்துப் பேர் என் கையெழுத்தில் இருக்கிறார்கள்.

சரி, அரசு ஒன்றுமே செய்யவில்லையா? செய்கிறது. டெல்லிக் குளிரில் வீடற்றவர்கள் மடிந்த விஷயம் 2010-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பெருநகரங்களில் காப்பகங்கள் கட்டச் சொன்னார்கள். 2013-ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் ஒரு லட்சம் மக்களுக்கு 100 பேர் தங்கும் ஒரு காப்பகம், ஆளுக்கு 50 சதுர அடி என்று அளவே வைத்தார்கள். சென்னையில் தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து மாநகராட்சி நடத்துகிறது. ஆண்களுக்கு, பெண்களுக்கு, பிள்ளைகளுக்கு, மனநலம் குன்றியவர்களுக்கு, ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக வந்தவர்களுக்கு என்று தனித்தனியாக உண்டு. ஆனால் காப்பகம் என்றால் ஒரு கட்டடம் வேண்டும். கட்டடம் என்றால் அது யாரோ ஒருவர் தெருவில்தான் இருக்கும். அந்தத் தெருவில் என்னைப் போல ஒரு டீச்சரம்மா இருப்பாள்.

"இடம் கொடுத்தாலும் போக மாட்டார்கள்" என்று ஒரு பேச்சு உண்டு. ஏன் போவதில்லை என்று கேட்டுப் பாருங்கள். ஆண்கள் காப்பகத்தில் மனைவியைச் சேர்க்க முடியாது. கண்ணகி நகரிலோ பெரும்பாக்கத்திலோ வீடு கொடுத்தால், விடியற்காலை நாலு மணிக்குப் பாரிமுனையில் மூட்டை இறக்குகிறவர் இருபது கிலோமீட்டருக்கு மேல் எந்தப் பஸ்ஸைப் பிடித்து வருவார்? குடும்பமாகத் தங்க இடம், அதுவும் வேலைக்குப் பக்கத்தில். அவர்கள் கேட்பது இதுதான். நாமும் வீடு பார்க்கும்போது இதைத்தானே பார்த்தோம்?

பிறந்த நாளுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கும் பிள்ளைகள் உங்களில் நிறையப் பேர். நல்ல காரியம், நிறுத்தாதீர்கள். ஆனால் ஒரே நாளில் நாலு வண்டி வந்து, பொட்டலம் மிஞ்சிக் கெட்டுப்போவதையும் நான் பார்த்திருக்கிறேன். அதைவிடத் தட்டுப்பாடான ஒன்று, காகிதங்களைப் பத்திரமாக வைக்க ஓர் இடம். மழையில் மூட்டை நனையும். தெருவைச் சுத்தம் செய்யும்போது குப்பையென்று அள்ளிப் போய்விடுவார்கள். அதோடு ஆதார், ரேஷன் அட்டை எல்லாம் போயிற்று. ஆதாரும் வங்கிக் கணக்கும் இல்லாத பாட்டிக்கு மாதாமாதம் முதியோர் உதவித்தொகை எப்படிக் கிடைக்கும்? நம்மில் எத்தனை பேர் ரிட்டயர்டு டீச்சர்கள்! முப்பது வருடம் படிவம் நிரப்பிய கை இது. ஒருவரை இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போய், கூடவே வரிசையில் நின்று, முடித்துக் கொடுங்கள். ஒரு நாளில் முடியாது, நாலைந்து நடை நடக்க வேண்டும்.

யாராவது படுத்திருப்பதைப் பார்த்தால் படம் எடுக்காதீர்கள். முதலில் அவரிடம் பேசுங்கள். காப்பகத்துக்கு வர விருப்பம் என்றால் மாநகராட்சியின் 1913-க்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். தானாகப் பேசிக்கொண்டு, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் அலைகிறவரானால், அவரைப் பாதுகாப்பில் எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது போலீசின் கடமை என்று 2017 மனநலச் சட்டமே சொல்கிறது. ஸ்டேஷனில் தயங்கினால் அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

ஏழு மணிக்கு கேட்டில் நின்ற அந்தப் பெண் இப்போது பெரும்பாக்கத்தில் இருக்கிறாள். ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறாள். என் முகநூல் நட்பில் இருக்கிறாள், இந்தப் பதிவையும் படிப்பாள். அவளைப் பற்றி எழுதட்டுமா என்று போன் செய்து கேட்டேன். "எழுதுங்க டீச்சர்" என்றாள். மனு விஷயத்தை அப்போது அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதோ, இங்கே சொல்லிவிட்டேன் அம்மா.

கட்டட விஷயம் மறுபடி வந்திருக்கிறது. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் சங்கத்தில் கூட்டம். இந்த முறை எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போடமாட்டேன், எழுந்து பேசப்போகிறேன். காப்பகம் வரட்டும், ஆனால் ராத்திரி காவலாளி, விளக்கு, கழிப்பறை இத்தனையும் எழுத்தில் கேட்போம், மேற்பார்வைக் குழுவில் தெருக்காரர்கள் இரண்டு பேர் இருப்போம் என்று சொல்வேன். அதில் ஒரு ஆள் நான். இந்தத் தெருவிலேயே குடியிருக்கும் என் மாணவர்கள் மூன்று பேர் இருக்கிறீர்கள், பெயர் சொல்லவில்லை. பத்து மணிக்கு வந்துவிடுங்கள். தாமதமாக வந்தால் வெளியில் நிற்க வைப்பேன், ஞாபகம் இருக்கட்டும்.