பறைக்கு 'உணர்ச்சி' மட்டும் போதும் என்றது யார்?

சேலத்தில் ஒரு கல்லூரி விழா. மேடையில் முதலில் மிருதங்கம். "இருபது வருட சாதகம், கணக்கு, லயம்" என்று அறிமுகம் செய்தார் தொகுப்பாளர். அடுத்தது பறை. "இது மண்ணின் உணர்ச்சி, ரத்தத்தில் ஊறியது" என்றார். கைதட்டல் இரண்டுக்கும் கிடைத்தது. ஆனால் தோழர்களே, அந்த இரண்டு அறிமுகங்களுக்கும் நடுவே உட்கார்ந்திருப்பதுதான் சாதி.

ஒருவருக்கு அறிவு, இன்னொருவருக்கு ரத்தம். ரத்தத்தில் ஊறியதைக் கற்க வேண்டியதில்லை. கற்க வேண்டாததற்கு ஆசிரியர் தேவையில்லை. ஆசிரியர் இல்லாததற்குச் சம்பளமும் தேவையில்லை. பாராட்டுப் போலத் தெரியும் சொல்லுக்குள் கூலி மறுப்பு ஒளிந்திருக்கிறது.

உண்மை என்ன? சாமிச்சாட்டு அடி வேறு, மருளடி வேறு, மாரடிப்பு வேறு. இடக்கையில் மெல்லிய சிண்டுக்குச்சி, வலக்கையில் தடித்த அடிக்குச்சி. இரண்டுக்கும் வேலை வேறு. தோலைத் தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்ற வேண்டும். சூடு குறைந்தால் ஒலி சோர்ந்துவிடும், மிஞ்சினால் தோல் பாழ். இதெல்லாம் கணக்கு இல்லையா?

அந்த மிருதங்கத்தையே எடுத்துக்கொள்வோம். அதைச் செய்கிற குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலை எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்ற கைவினைஞரின் காதும் கையும் இருந்தன. வாசித்தவர் மேதை. தோலைப் பதப்படுத்தி நாதம் கண்டவர் வெறும் 'வேலையாள்'.

நம் பக்கத்துத் தவறையும் பேசுவோம். ஆர்ப்பாட்டத்தில் வேகமாக, சத்தமாக அடித்தால் போதும் என்று நினைக்கிறோம். இரண்டு நாள் பயிற்சி முடித்துவிட்டு மேடை ஏறுகிறோம். ராசிபுரம் பக்கத்துக் காலனி ஒன்றில் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் சொன்னார்: "கோவம் இருக்கட்டும் கண்ணு. ஆனா எங்க நிறுத்தோணும்னு கைக்குத் தெரியோணும்." கோபத்தைத் தாளத்தில் நிறுத்தத் தெரியாவிட்டால் கேட்பவருக்கு இரைச்சல்தான் போய்ச் சேரும்.

அவர் நாற்பது வருடம் சாவு வீடுகளில் அடித்தவர். தன்னை வாசற்படி ஏறவிடாத குடும்பத்தின் துக்கத்தையும் அவர் கைதான் ஊருக்குச் சொன்னது. அந்த அழுகை அவருடையது அல்ல. ஆனால் கேட்டவர்கள் அழுதார்கள். உணர்ச்சியை அடுத்தவர் நெஞ்சில் எழுப்பியது அவருடைய திறன். அதற்குக் கிடைத்தது சொற்பக் கூலியும் ஒருமை விளிப்பும்.

அதனால்தான் இதைச் சேர்த்துச் சொல்கிறேன். இழிவு வேண்டாம் என்று பறையைக் கீழே வைத்த நம் இளைஞர்களை 'கலையை அழிக்கிறார்கள்' என்று யாரும் குற்றம் சாட்டக் கூடாது. கட்டாயத்தில் அடிப்பவரிடம் உணர்ச்சியைக் கேட்பது கொடுமை. அடிக்க மாட்டேன் என்று சொல்ல முடிகிற இடத்தில்தான் அடிப்பது கலையாகிறது.

2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது மகிழ்ந்தோம். ஆனால் நம் பக்கத்துக் காலனியில் இருக்கும் ஆசானின் பெயர் நமக்குத் தெரியுமா? அடுத்த நிகழ்ச்சிக்கு அழைப்பிதழ் அடிக்கும்போது 'பறைக்குழு' என்று மட்டும் போடாதீர்கள், கலைஞர்களின் பெயர்களைப் போடுங்கள். மற்ற கலைஞர்களுக்குக் கொடுக்கும் தொகையை அவர்களுக்கும் கொடுங்கள். கற்க விரும்பினால் ஆறு மாதம் அவர் முன்னால் உட்காருங்கள், அதற்கான கட்டணத்தோடு.

உணர்ச்சி நம்மிடம் ஏராளமாக இருக்கிறது. திறனும் நம்முடையதுதான் என்று சொல்லும் நேரம் இது.

ஜெய்பீம்.