புளியந்தோப்புக்கு மேலே ஒரு ஹெலிகேம்

2023 மே 27ஆம் தேதி கம்பம் நகருக்குள் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை புகுந்தபோது ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. 144 தடை உத்தரவு வேறு. தெருத்தெருவாகத் திரிந்த யானை ஒருவழியாகப் புளியந்தோப்பில் போய் ஒதுங்கியது. அது அங்கேயே நிற்பதுதான் எல்லோருக்கும் நல்லது. அந்த நேரம் பார்த்துத் தோப்புக்கு மேலே ஒரு ட்ரோன் வந்து இரைந்தது. பறக்கவிட்டவர் ஒரு யூடியூபர். யானை மிரண்டு ஓடியது. யூடியூபரைப் போலீசார் சீக்கிரமே பிடித்துவிட்டார்கள். யானையைப் பிடிக்க ஜூன் 5 வரை ஆயிற்று.

லாரியேறிய அரிக்கொம்பன் மணிமுத்தாறு வழியாக மேல் கோதையாற்றுக் காட்டுக்கு வந்து சேர்ந்தது. திருநெல்வேலிக்காரர்களுக்கு இந்தக் கதையில் உறவு அப்படித்தான் வந்தது. செப்டம்பரில் மாஞ்சோலைப் பக்கம் அது தலைகாட்டியபோது, இருக்கும் இடத்தைச் சொன்னது கழுத்திலிருந்த ரேடியோ காலர்.

ட்ரோன் விலங்கை மிரட்டுவதோடு நிற்பதில்லை, காட்டியும் கொடுக்கும். அமெரிக்காவில் ட்ரோனை அனுப்பி மான் நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டு, அப்புறம் துப்பாக்கியைத் தூக்குகிற பழக்கம் தலையெடுத்தது. கொலராடோ, அலாஸ்கா மாகாணங்கள் 2014லேயே அதற்குத் தடை போட்டன. தடை கேட்டவர்களில் வேட்டைக்காரர்களும் உண்டு. வேட்டைக்கும் ஒரு மானம் இருக்கிறது போலும்!

இங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்கே வழியில்லை. ஆனால் சுருக்குக் கம்பியும் அவுட்டுக்காய் எனும் வெடியும் நாட்டுத் துப்பாக்கியும் மலையடிவாரத்துக்குப் புதியவை அல்ல. மிளா மான் எந்தப் பள்ளத்தில் மேய்கிறது என்று பார்க்கக் கல்யாண வீட்டு ஹெலிகேமே போதும். சும்மா படம் எடுக்கத்தான் பறக்கவிட்டேன் என்று ஒருவர் சொன்னாலும், கீழே நிற்கும் விலங்குக்கு வித்தியாசம் தெரியாது. மின்னசோட்டாவில் கருங்கரடிகளுக்கு இதயத் துடிப்புக் கருவி பொருத்திப் பார்த்து 2015இல் ஆய்வு முடிவு வெளியிட்டார்கள். குட்டிகளோடு இருந்த ஒரு தாய்க்கரடியின் துடிப்பு, ட்ரோன் தலைக்கு மேல் வந்ததும் நிமிடத்துக்கு 41இலிருந்து 162 ஆனது. பெரும்பாலான கரடிகள் இடத்தை விட்டு அசையக்கூட இல்லை. படம் எடுத்தவர் பார்த்திருந்தால், கரடி சமர்த்தாகப் படுத்திருக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்.

வனத்துறையும் ட்ரோன் விடுகிறது, விடத்தான் வேண்டும். மசினகுடி டி-23 புலியை 2021 அக்டோபரில் உயிரோடு பிடிக்க 21 நாள் நடந்த தேடலில் ட்ரோனும் இருந்தது, கும்கியும் இருந்தது, மோப்ப நாயும் இருந்தது. ஆனால் ட்ரோனில் பொருத்தும் வெப்பப் படக் கேமராவுக்கு இரவும் விடியலும்தான் தோது. உச்சி வெயிலில் பாறையும் விலங்கும் ஒரே சூட்டில் தெரியும். அடர்ந்த சோலைக்காட்டில் இலைக் கூரையைத் தாண்டி எதுவும் தெரியாது. யானை லத்தியைத் தொட்டு, ஈரம் பார்த்து, அது போய் எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்லும் வனக் காவலர்தான் அங்கே கண். 2024 மே மாதம் பாபநாசம் அருகே வேம்பையாபுரத்தில் ஆடு தூக்கிய சிறுத்தை சிக்கியதும் கூண்டில்தான்.

பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்தில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. கூட்டின் மேல் ட்ரோன் வந்து தாய்ப்பறவை எழும்பினால், காக்கை குஞ்சைக் கொத்திப் போய்விடும் என்று அந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனாரைப் பார்க்கப் போகிறவர்கள் ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகட்டும். அந்தக் கோயில் இருப்பதே புலிகள் காப்பகத்துக்குள்.