சாயங்காலம் கிழக்கே பாருங்கள்!

திருநகரில் சாயங்காலம் மொட்டைமாடி ஏறினால், பக்கத்து மாடிகளில் இருக்கும் செல்போன்கள் எல்லாம் மேற்கே திரும்பியிருக்கும். சூரிய அஸ்தமனமாம்! ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் நான் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. கிழக்கே, திருப்பரங்குன்றம் மலைக்குப் பின்னால் ஒரு மேகம் காலிஃபிளவர் மாதிரி பொங்கிக்கொண்டிருக்கும். இறங்குகிற சூரியனின் மஞ்சள் வெளிச்சம் மொத்தமும் அதன் மேல்தான் விழும்.

தென்மேற்குப் பருவமழை மதுரைக்காரர்களுக்குப் பெரும்பாலும் வேடிக்கை பார்க்கிற மழைதான். மழையில் பெரும்பங்கை மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கம் வாங்கிக்கொள்ளும். மலை தாண்டி நம் பக்கம் இறங்கும் காற்று சூடாகிக் காய்ந்துவிடும். அதனால்தான் ஜூன், ஜூலையில் பஞ்சுப் பொதிகள் ஓடிக்கொண்டே இருக்கும். பொட்டு மழை விழாது.

மழை தருகிற மேகம் வேறு. வெயிலில் காய்ந்த தரையிலிருந்து ஈரக்காற்று மேலேறி, பிற்பகலில் கோபுரமாக வளரும். உச்சி 12, 15 கிலோமீட்டர்வரைகூடப் போகும். அதற்கு மேல் ஏற முடியாமல் குடை விரித்த மாதிரி பக்கவாட்டில் பரவும். அதன் ஓரம் நார்நாராகத் தெரிந்தால், அவை பனித்துகள்கள். 2024 அக்டோபர் 25 அன்று செல்லூர் வீடுகளுக்குள் தண்ணீர் புகக் காரணமான மழையும் இந்த வகை இடிமேகம் கொட்டியதுதான்.

படமெடுக்க செல்போனே போதும். திரையில் மேகத்தின் வெளுத்த பகுதியைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். இல்லாவிட்டால் வெறும் வெள்ளைத் திட்டுதான் பதியும். ஓரத்தில் மலையோ தென்னையோ இருந்தால்தான் மேகம் எவ்வளவு பெரிது என்று புரியும். தேதி, நேரம், திசையைக் குறித்து வையுங்கள். உலக வானிலை அமைப்பின் மேக அட்லஸில் 2017-ல் ‘ஆஸ்பெரிட்டாஸ்’ என்ற புதுப்பெயர் சேர்ந்ததற்கு, உங்களையும் என்னையும் போன்ற ஆட்கள் எடுத்த படங்களும் ஒரு காரணம்.

போன செப்டம்பரில் டைம்லேப்ஸ் போட்டு, போனைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். கீழேயிருந்து அப்பத்தா குரல்: “ஏத்தா, இடி முழங்குது. மோர்மிளகாய அள்ளிக்கிட்டு எறங்கு!”

“அஞ்சே நிமிஷம் அப்பத்தா!”

மின்னல் வெட்டியது. எண்ணினேன். ஒன்பதாவது விநாடியில் இடி. சத்தம் ஒரு கிலோமீட்டர் வர சுமார் 3 விநாடி ஆகும். அப்படியென்றால் மின்னல் 3 கிலோமீட்டரில். கணக்கு தெரிந்தது, புத்திதான் வரவில்லை. அடுத்த மின்னலுக்கு ஒன்று எண்ணுவதற்குள் இடி. போன், மோர்மிளகாய், செருப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் படியில் உருளாத குறையாக இறங்கினேன். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தாலே மாடியில் நிற்கக் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி ஏற வேண்டும்.

போன் பிழைத்தது. நனைவதற்கு முன்பு பதிவான வீடியோவில், மேகத்தின் அடியிலிருந்து சாம்பல் திரை மாதிரி மழை இறங்குகிறது. அப்பத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“இது தென்கால் கண்மாய்ப் பக்கமா பெய்யுது?”

“அந்தப் பக்கந்தான் அப்பத்தா.”

“அப்ப சரி” என்றார். ஆனாலும் நனைந்துபோன மோர்மிளகாய்க்காக ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.